மாஸ்டர் அழுத கதை

எங்கள் தமிழ் மாஸ்டர் வருஷத்துக்கு ஒருமுறை அழுவார். பாடப்புத்தகத்தில் ஒரு பழைய சிறுகதை இருந்தது. இளம் விதவையை அறைக்குள் பூட்டி, காய்ச்சல் கண்டபோதும் வைத்தியரை உள்ளே விடாமல் சாகவிட்ட குடும்பத்தின் கதை. அதன் கடைசிப் பந்தியை வாசித்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைப்பார். நாங்கள் கதையை விட அந்தக் கட்டத்துக்காகத்தான் காத்திருப்போம்.

"பாழாய்ப்போன வழக்கங்கள், பிள்ளையள். ஆராவது ஒருத்தர் அந்தக் கதவைத் திறந்திருக்கலாம்" என்பார். பிறகு, "இந்தமுறை சோதனைக்கு இதுதான் வரும்."

அவருடைய மகள் வகுப்பில் என் வாங்கில்தான், எனக்குப் பக்கத்தில் இருந்தாள். நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு இந்தச் சோதனை பாஸ் பண்ணவேண்டும். சோதனைக்கு ஆறு நாள் இருக்கையில் அவள் பெரியபிள்ளையானாள். பதினாறு வயதுவரை பொறுத்த உடம்பு இன்னும் இரண்டு கிழமை பொறுத்திருக்கக் கூடாதா என்று எனக்கு முதலில் அதன்மேல்தான் கோபம் வந்தது.

முப்பத்தொரு நாள் அறைக்குள் இருக்கவேண்டும். தலைமாட்டில் வேப்பிலை, கைக்கெட்ட ஒரு இரும்புக் கத்தி, விடிந்தால் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும். வெளியே போனால் பேய் பிடிக்குமாம். எங்கள் கணக்குத் தாளைக் கண்டால் எந்தப் பேயும் கடலில் குதித்திருக்கும். மாஸ்டரிடமே போய்க் கேட்டேன்.

"சேர், அந்தக் கத்தியையும் குடுத்து அவளைச் சோதனைக்கு அனுப்புங்கோவன். நான் கூட்டிக்கொண்டு போய்க் கூட்டிக்கொண்டு வாறன்."

"ஏலாது பிள்ளை. ஊர் கதைக்கும். அடுத்த வருஷமும் சோதனை வரும்தானே."

அடுத்த வருஷம் அவளுக்கு மாப்பிள்ளைதான் வரும் என்பது எங்கள் ஊர்க் கோட்டையில் மேயும் மான்களுக்கும் தெரியும். படிப்பது தேவாரம், இடிப்பது சிவன் கோயில் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டு வந்தேன்.

தமிழ்ச் சோதனை முடிந்த அன்று பின்னேரம் மாஸ்டர் தன் வீட்டு வாசலில் என்னை மறித்து உள்ளே கூப்பிட்டு, கேள்வித்தாளைப் பறித்தார். அந்தக் கதையே வந்திருந்தது: 'இச்சிறுகதையில் தீய மரபுகள் பெறும் இடத்தை ஆராய்க.' மனிதருக்குக் கால் நிலத்தில் பாவவில்லை.

"நான் சொன்னது வந்திட்டுது பார்" என்று கேள்வியை உரத்து வாசித்தார். குசினியில் நின்ற மனைவிக்கும் கேட்கட்டும் என்று இரண்டாந்தரமும் வாசித்தார்.

பதில் அறைக்குள்ளிருந்து வந்தது. சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று, முன்னுரை தொடங்கி முடிவுரைவரை, ஒரு சொல் தடக்காமல் அவள் சொன்னாள். எல்லாம் அவர் வகுப்பில் சொல்லித்தந்த வசனங்கள். ஆராவது ஒருத்தர் கதவைத் திறந்திருக்கலாம் என்பதையும் விடவில்லை. நான் அழுதுவிட்டேன். மாஸ்டர் கேள்வித்தாளை நாலாக மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார்.

"எத்தினை மார்க்ஸ் போடுவீங்கள், அப்பா?" என்று அவள் கேட்டாள்.

அன்றைக்கும் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றினார். கதவைத் திறக்கவில்லை.