என் மீட்டிங் முடியும்வரை

எங்கிருந்து வேண்டுமானாலும் வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொன்ன மறுமாதமே சென்னை வீட்டைக் காலி செய்தேன். ஒரு மடிக்கணினி, ஒரு முதுகுப்பை. தரங்கம்பாடியில் தொடங்கி ஊர் ஊராகக் கடலோரமாகவே தெற்கே இறங்குவது திட்டம். காலையில் கடல், பகலில் வேலை, சாயங்காலம் மறுபடி கடல். கேட்டவர்கள் எல்லோரும் பொறாமைப்பட்டார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

நடந்தது வேறு. கடற்காற்று மைக்கில் புகுந்து நான் பேசுவதை எல்லாம் அடித்துக்கொண்டு போனது. மேலாளர் ஒவ்வொரு மீட்டிங்கிலும், பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறாயா என்று கேட்டார். மணப்பாட்டில் சன்னலை எல்லாம் சாத்திவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தலையோடு ஜமுக்காளத்தைப் போர்த்திக்கொண்டு பேசினேன். கடலைப் பார்க்கப் போன ஆளின் லட்சணம் அது. எத்தனை எரிச்சல்பட்டாலும் கடல் வாயை மூடவில்லை.

அதனால் ஏற்பாட்டை மாற்றினேன். வேலை நாட்களில் மலை, வார இறுதியில் கடல். வெள்ளிக்கிழமை மதியம் கொடைக்கானலில் பஸ் ஏறினால் வத்தலக்குண்டு, மதுரை, அங்கிருந்து தொண்டியோ தேவிபட்டினமோ. ஞாயிறு ராத்திரி திரும்பி ஏறிவிடலாம். கொடைக்கானலை அடுத்த மலைக்கிராமமான பூம்பாறையில் ஒரு வீட்டு மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. பூண்டும் கேரட்டும் போடுகிற குடும்பம். வீட்டுக்கார அண்ணன், நான் அக்கா என்று கூப்பிட்ட அவர் மனைவி, கீழே என் அறைக்கு நேர் அடியில் படுத்த படுக்கையாக அக்காவின் அப்பா. பெரியவருக்கு மூச்சிரைப்பு.

அறையைப் பார்க்கப் போன அன்று நான் வெந்நீர் வருமா என்றுகூடக் கேட்கவில்லை. "எனக்குச் சத்தம் மட்டும் ஆகாதுங்க" என்றேன். அண்ணன் தலையாட்டினார். இங்கே என்ன சத்தம் இருக்கிறது, பனி பெய்கிற சத்தம்தான் என்று அக்கா சிரித்தார்.

ஆனால் ஒரு சேவல் இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர் இருக்கிற மீட்டிங்கில், நான் பேச வாயெடுத்த நேரமாகப் பார்த்து அது கூவியது. வெளிநாட்டுக்காரர் சிரித்தார், மேலாளர் சிரிக்கவில்லை. மீட்டிங் முடிந்ததும் படியிறங்கிப் போய், "இப்பிடியே போனா என் வேலை போயிரும்க்கா" என்றேன். வேலை போய்விடும் என்பதை எங்கள் அலுவலகத்தில் காபி ஆறிவிட்டது என்பது மாதிரி நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருப்போம். யாரும் அதைக் காதில்கூட வாங்கமாட்டார்கள். அக்கா வாங்கிக்கொண்டார். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். அப்போது எனக்கு அது திருப்தியாகத்தான் இருந்தது.

அந்த ஞாயிறு மழையில் கடலுக்குப் போகாமல் அறையிலேயே கிடந்தேன். மாடிக்கு ஒரு கிண்ணம் கோழிக் குழம்பு வந்தது. பிரமாதம் என்று சொல்லிக் கிண்ணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். திங்கட்கிழமை சேவல் கூவவில்லை. அப்போதும் நான் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை.

அதன்பிறகு வீடு அடங்கிப்போனது. முன்வாசலில் உட்கார்ந்து கதை பேசிக்கொண்டே பூண்டு தரம் பிரிக்கிற பெண்கள், சத்தம் எனக்குக் கேட்காதபடி தூறலோடு பின்பக்கக் கொட்டகைக்குப் போய்விட்டார்கள். அந்த வீட்டில் என் அறைச் சன்னலோரம் மட்டும்தான் செல்ஃபோனுக்குச் சிக்னல் எடுக்கும். அங்கே நின்றுதான் வீட்டுக்காரர்கள் ஊர் உலகத்தோடு பேசிவந்திருக்கிறார்கள். இப்போது மாடி ஏறி வந்து, கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, மீட்டிங் என்று தெரிந்தால் சத்தமில்லாமல் இறங்கிப் போனார்கள். ஒருநாள் பெரியவரைப் பார்க்கப் போனேன். என்னைக் கண்டதும் இருமலை அடக்கிக்கொண்டு, துண்டை வாயில் வைத்தபடி, "மீட்டிங்கா தம்பி?" என்று கேட்டார். இல்லை என்று சொன்ன பிறகுதான் இருமினார்.

நான் பேசாத நேரத்தில் மைக்கை அணைத்து வைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அமுக்கினால் இடியே விழுந்தாலும் அந்தப் பக்கம் கேட்காது. இதை அவர்களிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மறந்தேன் என்று எழுதினால் பொய். அந்த அமைதி எனக்குச் சுகமாக இருந்தது. இங்கே வந்து பார், என்ன அமைதி என்று நண்பர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை அண்ணன் பூண்டு மூட்டைகளோடு வெள்ளனே வடுகபட்டி சந்தைக்குப் போய்விட்டார். நான் முதுகுப்பையைக் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டு மீட்டிங்கில் உட்கார்ந்தேன். முடிந்ததும் பஸ், விடிந்தால் தொண்டிக் கடல். மீட்டிங்கில், செயலியின் திரையில் வரவேண்டிய ஒரு பொத்தானின் நிறத்தைப் பற்றிப் பேசினோம். பச்சை, கொஞ்சம் அடர்பச்சை, ரொம்ப அடர்ந்தால் கறுப்பாகத் தெரியுமே என்று ஒரு கவலை.

பாதியில் கதவுக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா வந்து நின்றார். கையில் ஃபோன். யாரோடாவது பேச வந்திருப்பார் என்று நினைத்தேன். எப்போதும்போல இறங்கிப் போகாமல் அங்கேயே நின்றார். எனக்கு எரிச்சல் வந்தது. உள்ளங்கையை விரித்துக் காட்டினேன், பொறுங்கள் என்று. தலையை ஆட்டினார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மேல்படியில் உட்கார்ந்துவிட்டார். பனி ஏறிய கண்ணாடியில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. மேலாளர் ஏதோ சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சத்தமாகச் சிரித்தேன்.

மீட்டிங் முடிந்ததும் கணினியைப் பையில் திணித்து, பையை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். அக்கா எழுந்தார்.

"முடிஞ்சிருச்சுங்களா தம்பி? சன்னலோரம் நின்னு அவருக்கு ஒரு போன் போட்டுக்கிறேன். அப்பா போயிட்டாருங்க."

எப்போது என்று கேட்டேன்.

"நீங்க கையக் காட்டுனீங்கள்ல, அதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"கதவைத் தட்டியிருக்கலாமேக்கா."

"போன உசுரு போயிருச்சு. உங்க சோலியும் போயிறக் கூடாதுல்ல."

அதில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் கொஞ்சம் தாங்கிக்கொண்டிருப்பேன். அந்த ஊரில் சாவைச் சொல்ல ஆள் அனுப்புவதில்லை. மகள் குரலெடுத்து அழுதால் அதுதான் செய்தி, அக்கம்பக்கம் ஓடிவரும். அக்கா அழவில்லை, அதனால் யாரும் வரவில்லை. பெரியவர் கீழே தனியாகக் கிடந்தார். நான் அடர்பச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

சன்னலோரம் நின்று, "அப்பா போயிட்டாரு, வெரசா வாங்க" என்று மட்டும் சொல்லி அக்கா ஃபோனை வைத்தார். படியிறங்கினார். பிறகு கீழேயிருந்து அந்தக் குரல் வந்தது. தரை வழியாக என் காலுக்கு ஏறியது. அவ்வளவையும் அடக்கிக்கொண்டா அந்தப் படியில் உட்கார்ந்திருந்தார்? எனக்கு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அந்த நேரத்திலும் மனதின் ஒரு மூலை, ஓடினால் பஸ்ஸைப் பிடிக்கலாமா என்று கணக்குப் போட்டது. அதையும் எழுதத்தான் வேண்டும். பையைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போனேன்.

தெருவே வந்துவிட்டது. கொட்டகைப் பெண்கள் பூண்டுத் தோல் ஒட்டிய கைகளோடு ஓடிவந்து அக்காவைக் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள். அழுகை ஏறி ஏறி வந்தது. நான் ஆண்களோடு சுவரோரம் நின்றேன். யாராவது என்னைத் திட்டினால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. ஒருவர் எனக்கு நாற்காலி எடுத்துப் போட்டார்.

அப்போது என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. எப்படியோ அங்கே ஒரு கோடு சிக்னல் கிடைத்திருக்கிறது. மேலாளர்.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழுதுகொண்டிருந்த வாயை ஒரு கையால் பொத்திக்கொண்டார். மறு கையால் பக்கத்தில் இருந்தவர்களைத் தொட்டார். ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். வீடு முழுக்க அடங்கி, ஃபோன் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அவசரமாக அதை அணைத்தேன். அணைத்ததைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றும் இல்லை, முக்கியம் இல்லை என்று ஏதோ உளறினேன். யாரும் அழவில்லை. நீங்கள் அழுங்கள் என்று ஒருவரிடம் எப்படிச் சொல்வது?

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேல போயிப் பேசிட்டு வாங்க தம்பி. நாங்க சத்தம் போட மாட்டோம்."