முதுகுப் பக்கம் வைத்த ஹூக்குகள்

நான் ஹூக் வைத்த ரவிக்கை கழன்றுகொண்டது என்று டெல்லியில் இதுவரை ஒருத்தியும் சொன்னதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். கரோல் பாகில் ஒரு தையல்கார மாஸ்டர்ஜியிடம் தரையில் உட்கார்ந்து ஹூக் தைக்க ஆரம்பித்து, இன்று ஜனக்புரியில் சொந்தக் கடை வைத்திருக்கிறேன். பித்தளை ஹூக்தான் வாங்குவேன். இரும்பு வியர்வைக்குத் துருவேறித் துணியில் கறை விட்டுவிடும். வரிசையில் ஒன்றை மட்டும் எதிர்ப்பக்கமாகத் திருப்பித் தைப்பேன். எப்படிக் குனிந்து நிமிர்ந்தாலும் அசையாது. பெரிய அதிகாரி வீட்டுப் பெண்களெல்லாம் என்னைத் தேடித்தான் வருவார்கள்.

எனக்கென்று தைக்கும்போது மட்டும் முதுகுப் பக்கம் ஹூக் வைத்துக்கொள்வேன். நாகரிகம் என்று எல்லோரிடமும் சொல்லுவேன். உண்மையில், மாட்டிவிட என் வீட்டுக்காரர் வர வேண்டும், அதற்காகத்தான். ஆட்டோ ஓட்டிக் காய்த்துப்போன கை. குளிர்காலத்தில் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் என் மேல் வைப்பார்.

“ஊருக்கெல்லாம் முன்னாடி வெக்கிற, உனக்கு மட்டும் ஏன்டி பின்னாடி?”

“நீங்க சும்மாதான நிக்கிறீங்க.”

“கண்ணாடி போட்டாக்கூட தெரியல. கொஞ்சம் ஆடாம நில்லு.”

நான் வேண்டுமென்றே ஆடுவேன்.

மகளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், கல்யாணத்துக்குப் போட்டுக்கொள் என்று அரக்கு நிறப் பட்டுத் துணி எடுத்துவந்தார். தைத்தேன். போட்டுக் காட்டச் சொன்னார். கல்யாணத்தின்போது பார்க்கலாம் என்று பீரோவில் வைத்துவிட்டேன். மாப்பிள்ளை அமைவதற்குள் அவர் போய்விட்டார்.

சென்ற குளிர்காலத்தில் கல்யாணம் நடந்தது. சம்பந்தி வீட்டார் பஞ்சாபிகள் என்பதால் முந்தின நாள் மாலையில் மெஹந்தி, மருதாணி வைக்கும் சடங்கு. அந்த ரவிக்கையை அன்றைக்கே போட்டுக்கொள்ள நினைத்தேன். இனியும் பீரோவில் வைக்க மனம் பொறுக்கவில்லை.

“ஹூக்கை முன்னாடி மாத்திக்கோம்மா, இல்லன்னா ஜிப் வெச்சிடு,” என்று மகள் சொல்லிப் பார்த்தாள். எனக்கே தொழில் சொல்லித் தருகிறாயா என்று சத்தம் போட்டேன். அவர் மாட்டியிருக்க வேண்டிய ஹூக்குகள். ஒரு நூலைக்கூட எப்படிப் பிரிப்பது?

மண்டபத்து அறையில் கதவைச் சாத்திக்கொண்டு நானே மாட்டப் பார்த்தேன். கீழே இருந்தவை எட்டின. தோளுக்கு மேலே கையை வளைத்ததில் மேலே இருந்தவையும் மாட்டிக்கொண்டன. நடுவில் இரண்டு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்தும் எட்டவில்லை. தோள்பட்டை விண்விண்ணென்று வலித்தது.

மகள் முழங்கையால் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். இரண்டு கையிலும் ஈர மெஹந்தி.

“இன்னும் முடியலையா? ஜல்தி வாம்மா, எல்லாரும் உன்னைத்தான் கேக்கறாங்க. பல்லால மாட்டிவிடட்டுமா?”

“போடி, பட்டுல சாயம் ஒட்டிடப்போவுது.”

“அப்ப சித்திய அனுப்பறேன்.”

“யாரும் வேணாம். நானே மாட்டிக்கிட்டேன்.”

வெளியே அத்தனை பெண்கள் இருந்தார்கள். யாரைக் கூப்பிட்டாலும் ஒரு நொடி வேலை. கூப்பிடவில்லை. முந்தானையை முதுகைச் சுற்றி இழுத்துச் செருகிக்கொண்டு புல்வெளிப் பந்தலுக்குப் போனேன்.

சம்பந்தியம்மா என் ரவிக்கைக் கையைத் தொட்டுப் பார்த்து, யார் தைத்தது என்று இந்தியில் கேட்டார். இப்படித் தைக்க டெல்லியில் வேறு யார் இருக்கிறார்கள் என்றேன். சிரித்தார்.

காற்று சில்லென்று அடித்தது. பட்டுக்குள் நுழைந்து, மாட்டாத அந்த இடத்தில் மட்டும், ஹூக்கைத் தேடும் விரல்போல, வந்து வந்து பட்டது. நான் சிலிர்த்ததைப் பார்த்து, சம்பந்தியம்மா தன் சால்வையை எடுத்து நீட்டினார். குளிரவில்லை என்று சொல்லிவிட்டு, பந்தலின் திறந்த பக்கமாக நகர்ந்து நின்றுகொண்டேன்.