விருந்தாளி என்று நான் எழுதிய பிள்ளைகள்

வளர்த்தவனை வரி ஆபீஸ் தகப்பனாக மதிப்பதில்லை.

இன்று மலாக்காவில், ராணியையும் செல்வத்தையும் என் பிள்ளைகள் என்று வரிப் பாரத்தில் எழுதிக் கொடுத்தேன். தொழிற்சங்கத்தில் இருந்ததற்காக அவர்கள் அப்பாவை நாடு கடத்தி மூன்று வருடமாகிறது. அன்றுமுதல் என் வீட்டில்தான் வளர்கிறார்கள்.

பாரத்தை வாங்கிய ஆபீஸ் கிராணி அத்தாட்சி கேட்டார். போலீஸ் சோதனைக்காகத் தோட்டத்தில் நான் எழுதி வைத்த வீட்டுப் பட்டியல்தான் இருந்தது.

"விருந்தாளின்னு நீங்கதான எழுதியிருக்கீங்க, தம்பி?"

"அப்ப பயம்ணே. கம்யூனிஸ்ட் பிள்ளைங்கன்னு என்னையும் பிடிச்சிருப்பாங்க."

"பயத்துக்கெல்லாம் வரிக்கழிவு கிடையாது லா."

அன்று நான் எழுதியதை ராணி பக்கத்தில் நின்று எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கழிவே வேணாம்ணே. அந்த ஒரு சொல்ல அடிச்சுட்டுப் பிள்ளைங்கன்னு எழுதுங்க," என்றேன்.

அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.