மூன்றாவது சுற்றில் நின்ற சென்சார்

கட்டைவிரல் அளவு ஓர் இரும்புத் துண்டு, பின்னால் வால்போல நான்கு ஒயர்கள். அந்தப் பழைய ஆக்சிஜன் சென்சாரைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படப்பையில் ஷேர் ஆட்டோவை விட்டு இறங்கியபோது எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. ஒரகடம் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்த காலம். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு தொழிற்சாலையில் தர ஆய்வாளனாக இருந்தேன். மாடியில் எனக்கு அறை கொடுத்தவர் வீட்டுக்கார அண்ணன். எதையும் சிரித்துக்கொண்டே சொல்லும் மனிதர்.

தம் பழைய பெட்ரோல் பிக்கப்பில் கம்பெனிகளுக்குக் காலிப் பெட்டிகள் ஏற்றிப் போவார். அது திடீரென்று கரும்புகை கக்க ஆரம்பித்தது. புகைக்குழாயில் திருகியிருக்கும் சென்சார் செத்துவிட்டது என்றார் மெக்கானிக். "பொகை வுட்டா அடுத்த மாசத்துலேர்ந்து கம்பெனி கேட்டுக்குள்ள வுட மாட்டாங்களாம் தம்பி. வண்டி நின்னா வூடும் நின்னுடும்" என்றார் அண்ணன். அன்று அவர் சிரிக்கவில்லை. புதியதன் விலை கைக்கு எட்டவில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மார்தட்டினேன். லீவு நாளெல்லாம் மறைமலை நகரிலும் சென்னையிலும் பழைய சாமான் கடைகளில் அலைந்து, வேறு ஏதோ காரிலிருந்து கழற்றிய ஒன்றை மலிவாகப் பிடித்தேன்.

மாட்டும்போது மூன்றாவது சுற்றில் அது இறுகி நின்றது. மரை பொருந்தவில்லை. ஷிப்ட் முழுக்க எனக்கு அதுதான் வேலை. ஒவ்வொரு பாகத்தின் மரையிலும் அளவியைத் திருகிப் பார்ப்பேன். கொஞ்சம் தடங்கினாலும் சிவப்புப் பெட்டியில் போடுவேன். சூப்பர்வைசரே கெஞ்சினாலும் விடமாட்டேன் என்று எனக்குப் பெயர். "இன்னா தம்பி, ஏற மாட்டேங்குதா?" என்று அண்ணன் கேட்டார். "இறுக்குனா சரியாப் போயிரும்ணே" என்றேன். ஸ்பானரில் ஒரு நீளக் குழாயைச் செருகி ஏறி மிதித்தேன். அலைந்தது வீணாகிவிடக் கூடாது என்பதைத் தவிர மனதில் வேறொன்றும் இல்லை.

புகை குறைந்தது. மூன்று நாள் கழித்து அண்ணன், "வண்டி நல்லா கீது, எனக்குத்தான் தலை நோவுது" என்றார். மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் பகலில் கனமழை. கம்பெனி கேட்டில் நீண்ட வரிசை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தாராம். முன்னால் நின்ற வண்டி நகர்ந்தும் பிக்கப் நகரவில்லை. செக்யூரிட்டி கதவைத் திறந்தபோது உயிர் இல்லை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பதால் மாரடைப்பு என்றார்கள். அடக்கமும் செய்தாயிற்று.

வண்டியை விற்பதற்கு முன் அடியில் படுத்துப் பார்த்தேன். சென்சாரைச் சுற்றி, மரை கடிக்காத இடைவெளியில் கசிந்த புகையின் கரி. அதற்கு நேர் மேலே, ஓட்டுநரின் காலடித் தகட்டில் துருப்பிடித்த ஓட்டை. கரியைத் துடைத்துவிட்டு எழுந்தேன். பயத்தில்தான் துடைத்தேன், அதற்கு வேறு நல்ல பெயர் இல்லை. வண்டி வாங்கியவரிடம் மட்டும் அந்தப் புகைக்குழாயையும் தகட்டையும் மாற்றச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை.

இன்றும் அவருடைய நினைவுப் பூசைக்கு ஆண்டுதோறும் போகிறேன். அவர் மனைவியை அக்கா என்பேன். பந்தியில் என்னை முதலில் உட்காரவைத்து, உறவுக்காரர்களிடம் சொல்வார்: "கூடப் பொறந்தவன்கூட இப்டி செய்ய மாட்டான். அவரு வண்டிக்காக லீவு லீவா அலைஞ்ச புள்ள இது." போன ஆண்டு எப்படியும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். "அக்கா" என்றேன்.

"இன்னும் கொஞ்சம் போட்டுக்கினு சாப்புடு தம்பி" என்று சோற்றை வைத்தார்.

சாப்பிட்டேன்.