மணிக்கட்டுக்குள் ஒரு தடுப்புச் சுவர்

கௌஷிக் தன் மகளைத் தூக்குவதில்லை. முழங்கைகளால் முறத்தில் அள்ளுவதுபோல் அள்ளுகிறான். கட்டைவிரல்கள் சண்டை போட்ட சம்பந்திகள்போல் ஒதுங்கி நிற்கும். கைவலி என்பது நடிப்புதான், பிள்ளை வளர்க்க உடம்பு வணங்கவில்லை என்று எங்கள் பெஹாலா குடியிருப்பில் பேச்சு. வதந்தியைப் பரப்புவது என் பொழுதுபோக்கு, சரிபார்த்துப் பத்திரிகையில் எழுதுவது தொழில். ஆகவே பரப்பிவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

மனைவி மிருதுளா வங்கிக்குப் போயிருந்தாள். வீட்டிலிருந்தே கணினி வேலை பார்க்கும் கௌஷிக், பால்புட்டி மூடியைப் பல்லால் திறந்துகொண்டிருந்தான்.

"நடிக்கிறேன்தான் சார்," என்றான். கட்டுரை முடிந்தது என்று எழுந்தேன்.

"வலிக்கலேன்னு."

உட்கார்ந்தேன்.

பிள்ளை பெற்ற பெண்களுக்கு அதிகம் வரும் வலியாம். "குழந்தை யாருக்குன்னு டாக்டர் கேட்டார். எனக்குத்தான்னேன்." கட்டைவிரலின் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டில் ஒரே குழாய் வழியே போகும். சிலருக்குப் பிறவியிலேயே குறுக்கே ஒரு சுவர். "பி.ஜி. ஹாஸ்டல் மாதிரி சார். எல்லாருக்கும் ரெண்டு பேர் ஷேரிங். எனக்கு நடுவுல பார்டிஷன். டாக்டர் போட்ட ஊசி ஒரு ரூமுக்குத்தான் போச்சு. அடுத்த ரூம்காரன் இன்னும் கத்திட்டிருக்கான்."

டாக்டர் செய்த சோதனையை அவன் சொல்ல, நானும் கட்டைவிரலை உள்ளே மடக்கி மணிக்கட்டைச் சாய்த்துப் பார்த்தேன். துளி வலியில்லை. இருபது வருடம் எழுதிய கை; உழைத்ததற்கு ஒரு தடயமாவது வேண்டாமா?

அறுவை செய்தால் இரண்டு அறையும் திறந்துவிடும். ஆனால் சில வாரம் பாப்பாவைத் தூக்கக் கூடாது. தெரிந்தால் மாமியார் வந்து பிள்ளையை ஈரோட்டுக்கு எடுத்துப்போய்விடுவார். அதனால் மிருதுளாவிடம்கூட, ஊசியோடு சரியாகிவிட்டது என்றே சொல்லியிருக்கிறான்.

அப்போதே வீடியோவில் ஈரோடு வந்தது. "கையக் காட்டுங்க மாப்ள." வலிக்காத இடது கையைக் காட்டினான்.

"செரி, பாப்பாவத் தூக்குங்க பாக்கலாம்."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையில் தவழ்ந்து, கேமராவுக்குக் கீழிருந்து பாப்பாவை உயர்த்தினேன். மேலே அவன் முகம் சிரித்தது; கீழே என் இடுப்பு முனகியது. "நல்லாருக்குதுங்க," என்று ஈரோடு அணைந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் பகல்ல தூக்க ஆள் கிடைச்சா போதும் சார். நீங்க வீட்லதானே இருக்கீங்க?"

யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பதில் இன்றுவரை பாக்கி.

குழந்தையை வாங்க முழங்கைகளை நீட்டினான். நான் கொடுக்கவில்லை.