ஜன்னல் கம்பியில் ஓர் ஈரச்சேலை

என் மனைவி தென்காசியில் ஒரு தனியார் மருத்துவமனையில் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு வேலைக்கு அவள் மனுப் போட்டிருந்தது எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் தெரியாது. காரியம் முடியும்வரை வெளியே சொன்னால் கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நேர்காணல் சனிக்கிழமை காலை, அவர்களுக்காக இங்கே ஆள் எடுக்கும் ஏஜென்சியோடு, வீடியோவில். அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது, முகம் வெளிச்சத்தில் தெரிய வேண்டும் என்று முன்பே எழுதியிருந்தார்கள்.

அவளுக்கு ஆங்கிலம் பேச வரும். இடங்களைச் சொல்லும்போதுதான் தடுமாறுவாள். தமிழில் ‘நான் பிறந்த ஊர்’, ‘நான் பார்த்த ஊர்’ இரண்டும் ஒரே மாதிரி நிற்கின்றன. ஆங்கிலத்தில் முன்னதற்கு ‘வேர்’ (where), பின்னதற்கு ‘விச்’ (which). அவளோ இடம் என்று வந்தாலே ‘வேர்’ போட்டுவிடுவாள். நான் ஒரு வழி சொன்னேன். வாக்கியத்தைப் பிரித்துப் பார். ‘அங்கன பொறந்தேன்’ என்று ‘அங்கே’ வந்தால் ‘வேர்’, ‘அதைப் பார்த்தேன்’ என்று ‘அதை’ வந்தால் ‘விச்’. துணி மடிக்கும்போதுகூட இதுதான் பேச்சு. “அங்கன வேல பாக்கேன், வேர். அதக் கட்டுனாவ, விச்” என்று சொல்லிக்கொண்டே இட்லி ஊற்றுவாள்.

அன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அவள் பேசத் தொடங்கிய சற்று நேரத்தில் வாசலில் ஒரு வேன் நின்றது. புளியங்குடியிலிருந்து என் அக்காவும் அத்தானும் பேரப்பிள்ளைகளும். சீசனில் குற்றாலத்துக்கு வருகிற சொந்தக்காரர்கள் சொல்லிவிட்டு வருவதில்லை. குளித்துவிட்டு மதியம் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அன்று ஐந்தருவியில் தண்ணீர் கூடிவிட்டதென்று போலீஸ் எல்லோரையும் வெளியேற்றியதால், காலையிலேயே சொட்டச் சொட்ட வந்துவிட்டார்கள்.

அவளுக்குத் தலைவலி, படுத்திருக்கிறாள் என்று சொல்லி அவர்களைப் பின்கட்டில் உட்காரவைத்துவிட்டுக் கதவருகே வந்து நின்றேன். பிடித்த இடம் ஒன்றைப் பற்றிக் கேட்டிருப்பார்கள் போல. “தி ஃபால்ஸ்” என்றாள். நிறுத்தினாள். மறுபடியும் “தி ஃபால்ஸ்.” அங்கனவா, அதையா என்று பிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன். அப்போது ஓர் ஆண் குரல் ஆங்கிலத்தில், உங்கள் முகம் தெரியவில்லை என்றது.

பின்கட்டை எட்டிப் பார்த்தேன். அக்காவைக் காணோம். வீட்டைச் சுற்றி ஓடினேன். சாரலில் நனையாமல் துணி காயப்போட எங்கள் வீட்டில் அந்த அறை ஜன்னலின் சன்ஷேடுக்குக் கீழேதான் இடம். கம்பியில் தன் சேலையை அகல விரித்திருந்தாள் அக்கா. நான் அதை உருவினேன்.

“ஏலே, காயப்போட்டத ஏன் உருவுத? உம் பொண்டாட்டி படுத்துக் கெடந்தா என் சேலையும் காயக் கூடாதோ?”

உள்ளே பேச்சு நின்றது. நான் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். பிறகு மனைவியின் குரல் கேட்டது. அது என் கணவரின் அக்கா, நான் சொல்ல வந்த அருவியிலிருந்துதான் வருகிறார், நான் இங்கே பேசிக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியாது, மன்னியுங்கள் என்று எங்கும் தடுக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள். இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள் என்றே நினைத்தேன். சரி, சொல்லுங்கள் என்றது அந்த ஆண் குரல்.

அக்காவின் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவள் ஈரச்சேலையைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நின்றாள். பிள்ளைகள் கத்தியபோது அவள்தான் போய் அடக்கிவிட்டு வந்தாள்.

கதவு திறந்தது. எடுத்துக்கொண்டார்கள், கடிதம் பின்னால் வரும் என்றாள் மனைவி. “எத்தன விச் தப்புன்னு மட்டும் கேட்டுராதீங்க.” சிரித்தவள், எனக்குப் பின்னால் அக்கா வந்து நிற்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“நல்லா இரு” என்றாள் அக்கா. “எங் கண்ணு பட்டுரும்னுதான் சொல்லலியோ?”

“மைனி” என்று அக்காவின் கையிலிருந்த ஈரச்சேலையை வாங்கப் போனாள் மனைவி.

அத்தான் மதியம் வரை இருந்து சாப்பிட்டார். அக்கா காப்பி மட்டும் குடித்தாள். ஜன்னல் பக்கம் இப்போது தாராளமாகக் காயப்போடலாம் என்று இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். சேலையை ஈரத்தோடேயே பையில் திணித்துக்கொண்டு வேனில் ஏறினாள்.