ஜன்னலுக்கு வெளியே நின்றவர்

நீல மூடி போட்ட என் சோற்று டப்பா கணினிக்கும் பேரேட்டுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்து ஆபீசில் நான் சின்னக் கிராணி, கணக்கு எழுதுகிற குமாஸ்தா. வலது கை சோற்றில், இடது கை விசைப்பலகையில். மானேஜர் கண்ணாடி அறையிலிருந்து பார்ப்பார். பார்க்கட்டும் என்றுதான் அப்படிச் சாப்பிட்டேன்.

பெரிய கிராணி அக்கா வேறு மாதிரி. பன்னிரண்டு மணிக்கு இழுப்பறையைப் பூட்டிவிட்டுப் பின்பக்கக் கொட்டகைக்குப் போவார். செருப்பைக் கழற்றிப் போட்டு நிதானமாகச் சாப்பிட்டு ஒரு மணிக்குத் திரும்புவார். அதுவரை ஆட்கள் வந்து நிற்கும் ஜன்னலை நான் பார்க்க வேண்டும். பிறகு நான் போகலாம், அவர் பார்ப்பார். நானோ ஜன்னல் பார்க்கும் நேரத்திலேயே தின்று முடித்துவிட்டு, “எனக்கு எதுக்குக்கா பிரேக்?” என்று பீற்றிக்கொள்வேன். “நீ சாப்பிடறதப் பாத்தா நம்ம ஆளுங்க கூப்பிட மாட்டாங்க லா. சொன்னா கேளு” என்பார். சோற்றில் கை வைத்தவரை எழுப்புவது பாவம் என்று நினைக்கிற ஜனங்கள். எனக்கும் அது தெரியும். தெரிந்தேதான் அக்காவைச் சோம்பேறி என்று மனதுக்குள் ஏசினேன்.

ஒருநாள் குலை வெட்டும் அண்ணன் ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். ஒரு கண்ணைத் துண்டால் பொத்தியிருந்தார். என்னைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார், சத்தமில்லாமல் சுவரோரம் ஒதுங்கி நின்றார். நான் பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதி வேனை வரச் சொல்ல ஐந்து நிமிடம் போதும். அவசரமென்றால் கூப்பிடமாட்டாரா என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தேன். சீ, என்ன மனுஷி நான்!

அரை மணி நேரம் கழித்து அக்கா வந்துதான் அலறினார். “ஐயோ, கண்ணுல முள்ளாண்ணே? எவ்ளோ நேரமா நிக்கிறீங்க?”

“இப்பதாம்மா வந்தேன். தங்கச்சி சாப்பிட்டுக்கிட்டு இருந்துச்சு.”

அக்கா என் பக்கம் திரும்பினார். “நான் பாக்கவே இல்லக்கா” என்றேன். வாயில் சோறு இருந்தது.

கண் போய்விட்டது. முள் ஆழமாக இறங்கிவிட்டது, முன்பே வந்திருந்தாலும் சொல்வதற்கில்லை என்று டாக்டர் சொன்னாராம். எல்லாரும் அதையே சொல்லி என்னைத் தேற்றினார்கள். தேற்றத் தேற்ற எனக்குக் கூசியது. நான் பார்த்தது அவர்களில் ஒருவருக்கும் தெரியாதே.

இப்போது செகிஞ்சான் டவுனில் வேறொரு ஆபீசில் வேலை. ஒரு மணி ஆனால் மேசையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே போய்த்தான் சாப்பிடுகிறேன். “அக்காவுக்கு ஹெல்த் முக்கியம்” என்று இளசுகள் என்னைக் கிண்டலடிக்கும். சிரித்துவைப்பேன்.

போன தீபாவளிக்கு, உண்மையைச் சொல்லிவிடுவது என்று அந்த அண்ணன் வீட்டுக்குப் போனேன். உட்கார்ந்ததும், “அண்ணே, அன்னிக்கு ஆபீஸ்ல...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் மனைவி தட்டை வைத்துவிட்டார். “முதல்ல சாப்பிடும்மா, பேச்சு எங்க போயிடப் போவுது?” என்றார் அண்ணன். நான் சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து, இருக்கிற ஒரு கண்ணால் என் தட்டில் குழம்பு குறைகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கை கழுவி வந்ததும் கேட்டார். “என்னமோ சொல்ல வந்தியேம்மா?”

“ஒண்ணுமில்லண்ணே. சும்மா பாத்துட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”